ஃபெரட்டுக்கு வாலிலிருந்து இடுப்பு வரை முடி போய்விட்டது: பருவ உதிர்வா, அட்ரீனலா?

ஜெர்சி_வாசகி (கேள்வி)

ஆண் ஃபெரட் (கீரி போன்ற சிறிய வளர்ப்பு விலங்கு), வயது நாலரை, எடை 1.1 கிலோ. நியூஜெர்சியில் பெட் ஷாப்பில் வாங்கியது. காதில் இரண்டு நீலப் புள்ளி பச்சை குத்தியிருக்கிறது, பெரிய பண்ணையின் அடையாளம். அதனால் ஆறு வாரக் குட்டியாக இருக்கும்போதே காயடித்து, வாசனைப் பையையும் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் வால் நுனி மொட்டையானது. பருவம் மாறும்போது கொட்டுவதுதான் என்று விட்டுவிட்டோம். இப்போது மே. வால் முழுக்க எலி வால் போல இருக்கிறது. இடுப்பின் இரு பக்கமும் ஒரே அளவில் வழுக்கை. தோல் சிவக்கவில்லை, புண் இல்லை. ஆனால் தோள்பட்டையை ஓயாமல் சொறிகிறான். குளித்த மறுநாளே பழையபடி வாடை அடிக்கிறது. கூண்டுத் தோழனின் பிடரியைக் கவ்வி இழுக்கிறான், முன்பு அப்படிச் செய்ததில்லை. கோழி அடிப்படையிலான கிப்பிள் (உலர் உணவு மணி), வாரம் இரண்டு முறை பச்சை முட்டை. கூண்டு ஹாலில் இருக்கிறது. இரவு 11 மணி வரை விளக்கு எரியும்.

இது அட்ரீனல் (சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள ஹார்மோன் சுரப்பி) நோய்தானா? எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்? மெலடோனின் என்ற ஹார்மோன் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

நாலுகால்_நண்பர்

முடியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ஒன்று பாருங்கள்: சிறுநீர் எப்படிப் போகிறது? ஆண் ஃபெரட்டுக்கு அட்ரீனல் வந்தால் ஆளைக் கொல்வது வழுக்கை அல்ல, புராஸ்டேட் (சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் ஆண் சுரப்பி). அட்ரீனலிலிருந்து வரும் பாலியல் ஹார்மோன் புராஸ்டேட்டை வீங்க வைக்கும். அது சிறுநீர்க் குழாயைச் சுற்றி நெரிக்கும்.

மூலையில் போய் நின்று நேரம் எடுக்கிறதா, தாரை மெலிந்து சொட்டுச் சொட்டாக விழுகிறதா, முக்குகிறதா, அந்த இடத்தையே நக்குகிறதா, வயிற்றின் அடியில் ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று இன்றே கவனியுங்கள். பலமுறை போய் வந்தும் ஒன்றும் வரவில்லை, அடிவயிறு பந்து போல் கெட்டியாக இருக்கிறது என்றால் அது அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை. அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் வயிற்றை அமுக்கி வெளியேற்றப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். போகும் முன் போன் செய்து, ஃபெரட்டுக்குக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆண் ஃபெரட்டின் குறிக்குள் நுனி கொக்கிபோல் வளைந்த எலும்பு ஒன்று உண்டு. பூனைக்குப் போட்டுப் பழகியவருக்கும் இது சிரமம்.

இனி உங்கள் கேள்வி. பருவ உதிர்வில் வால் மட்டும் மொட்டையாவது சகஜம். அப்போது வால் தோலில் கரும்புள்ளிகள் தெரியும், சில வாரங்களில் முடி திரும்பும். அது வாலோடு நிற்கும். உங்களுடையது வாலில் தொடங்கி முன்னோக்கி ஏறியிருக்கிறது, இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒரே மாதிரி, மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. இதோடு சொறி, வாடை, பிடரியைக் கவ்வுவது. காயடித்த ஆண் இப்படிச் செய்வது பாலியல் ஹார்மோன் எங்கிருந்தோ வருகிறது என்பதன் அடையாளம். நாலரை வயதுக்கு இந்தக் கூட்டு அட்ரீனலைத்தான் காட்டுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: சில ஃபெரட்டுகளில் முடி கொட்டுவது வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் தானாகத் திரும்பிவிடும். வீட்டுக்காரர் நிம்மதியாகிவிடுவார். அடுத்த வருடம் கொட்டும்போது திரும்பாது.

அட்ரீனல் என்று முடிவு செய்யும் முன் தள்ள வேண்டியவை சில. தெள்ளு இருந்தால் சீப்பில் மிளகுத்தூள் மாதிரி அழுக்கு வரும். ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் செம்பழுப்பாக ஊறும். சிரங்குப் பூச்சிக்குத் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிகம் கொடுத்தால் அதுவும் இருபக்க வழுக்கையைத் தரும். வாரம் இரண்டு முறை என்பது இந்த அளவுக்குச் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் வேகவைத்துக் கொடுத்தால் அந்தச் சந்தேகமே இல்லாமல் போகும்.

உட்ரெக்ட்_ஜன்னல்

மேலே சொன்னதோடு ஏன் வருகிறது என்பதையும் சேர்க்கிறேன். சிகிச்சை புரிய அது வேண்டும்.

மூளை ஜி.என்.ஆர்.எச். என்ற சமிக்ஞையை அனுப்பும். அதைக் கேட்டு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை விடும். விதைப்பை இருந்தால் அது ஹார்மோன் சுரந்து "போதும்" என்று மேலே சொல்லும். காயடித்த பிறகு அந்தப் "போதும்" சொல்ல ஆள் இல்லை. எல்.எச். வருடக்கணக்கில் ஏறியே இருக்கும். ஃபெரட்டின் அட்ரீனல் புறணியில் எல்.எச். ஏற்பிகள் உண்டு. தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் திசு முதலில் பெருக்கும், பிறகு கட்டியாகும், சிலவற்றில் புற்றாகும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், காயடித்ததற்கும் நோய் அறிகுறி தெரிவதற்கும் இடையே சராசரி மூன்றரை ஆண்டு. அதாவது ஆறு வாரத்தில் அறுத்தால் மூன்றரை, நாலு வயதில் வரும். ஒரு வயதில் அறுத்தால் சற்றுத் தள்ளி வரும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று முக்கியம். இது நாய்க்கு வரும் குஷிங் நோய் இல்லை. நாயில் கார்டிசால் ஏறும். ஃபெரட்டில் ஏறுவது எஸ்ட்ராடியால், ஆண்ட்ரோஸ்டீன்டையோன், 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன். ஆகவே கார்டிசாலைப் பார்க்கும் ஏ.சி.டி.எச். தூண்டல் சோதனையோ டெக்ஸாமெத்தசோன் சோதனையோ எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால், அவர் நாய்க் கணக்கில் யோசிக்கிறார். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ரத்த சீரம் அனுப்பி இந்த மூன்றையும் பார்ப்பார்கள். கால்நடை மருத்துவர்கள் அதை "டென்னசி பேனல்" என்றே சொல்வார்கள். மூன்றில் ஒன்று உயர்ந்தாலே சந்தேகம் வலுக்கும். மூன்றும் சரி என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. மெலடோனினோ ஹார்மோன் இம்ப்ளாண்டோ (தோலுக்கடியில் வைக்கும் மருந்து) ஏற்கெனவே போட்டிருந்தால் எண்கள் தடுமாறும், ஆகவே ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள்.

என் முதல் தேர்வு அல்ட்ராசவுண்ட். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, புராஸ்டேட் எப்படி, அதில் நீர்க்கட்டி உண்டா, கணையம், சிறுநீர்ப்பை எல்லாம் ஒரே தடவையில் தெரியும். தடிமன் 3.9 மி.மீ.க்கு மேல் போனாலோ, நீண்ட அவரை வடிவம் போய் உருண்டுவிட்டாலோ சந்தேகப்படுவார்கள்.

ரத்தச் சர்க்கரையையும் கட்டாயம் கேளுங்கள். இதே வயதில் கணையத்தில் இன்சுலினோமாவும் (இன்சுலினை அதிகம் சுரந்து சர்க்கரையை இறக்கும் கட்டி) வரும், இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது அபூர்வம் இல்லை. ரத்தம் எடுக்கும் முன் 3 முதல் 4 மணி நேரம் பட்டினி போதும். நாய் மாதிரி இரவெல்லாம் பட்டினி போடாதீர்கள், மயங்கி விழும்.

ஜெர்சி_வாசகி

நன்றி. இன்று போய் வந்தோம். சிறுநீர் விஷயம் நீங்கள் சொன்னபடிதான்: போகிறது, ஆனால் மெலிந்த தாரை, நேரம் எடுக்கிறது. அல்ட்ராசவுண்டில் இடது அட்ரீனல் 6.1 மி.மீ., வலது 2.9. புராஸ்டேட் வீக்கம், நீர்க்கட்டி இல்லை. நாலு மணி நேரப் பட்டினிக்குப் பிறகு சர்க்கரை 68. கையடக்க மீட்டரில் பார்த்தார்கள். மருத்துவர் 4.7 மி.கி. டெஸ்லோரெலின் இம்ப்ளாண்ட் போடலாம் என்கிறார். இன்னொரு கிளினிக்கில் நேராக ஆபரேஷன் என்கிறார்கள். எதைக் கேட்பது?

கூண்டுக்கு_வெளியே

68 என்ற எண்ணை முதலில் சந்தேகியுங்கள். மனிதர்களுக்கான கையடக்க மீட்டர் ஃபெரட் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். ஆய்வகக் கருவியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: எடுத்த ரத்தத்தை உடனே சுழற்றி சீரத்தைப் பிரிக்க வேண்டும். அப்படியே குழாயில் வைத்தால் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், எண் பொய்யாக இறங்கும். ஃபெரட்டுக்குப் பட்டினியில் 90 முதல் 125 வரை சாதாரணம். 60க்குக் கீழே வந்தால் இன்சுலினோமா என்று எடுத்துக்கொள்ளலாம். இடையில் நின்றால் சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை: பின்னங்கால் தள்ளாடுவது, கண் ஒரே இடத்தில் நிலைகுத்துவது, வாயில் நுரை வழிய வாயைக் கையால் பிராண்டுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம். இதில் ஏதாவது தெரிந்தால் பட்ஸில் தேனைத் தொட்டு ஈறில் தடவுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், வலிப்பில் கடித்துவிடும். தேனை வாயில் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போகும். தெளிந்ததும் கையோடு இறைச்சி உணவு கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தேனோடு நிறுத்தினால் அந்த இனிப்பே இன்சுலினை மறுபடி தூண்டி அரை மணியில் திரும்ப விழ வைக்கும். திராட்சை, வாழைப்பழம், இனிப்பு டிரீட் எல்லாம் இன்றோடு சரி. கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கட்டும்.

ஆபரேஷனா இம்ப்ளாண்டா என்பதில் என் கருத்து ஆபரேஷன் பக்கம். காரணம் மூன்று: இடது பக்கம், வயது நாலரை, சிறுநீர் ஏற்கெனவே நெருக்குகிறது. இடது அட்ரீனலைச் சுற்றி கொழுப்புதான், கழற்றி எடுப்பது எளிது. வலதாக இருந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். அது கீழ்ப் பெருஞ்சிரையோடு ஒட்டிக் கிடக்கும், கை தவறினால் ரத்தம் நிற்காது. கட்டியை எடுத்தால் புராஸ்டேட் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சுருங்கத் தொடங்கும். வயிற்றைத் திறந்த கையோடு கணையத்தைத் தடவிப் பார்த்து, மணி மாதிரி கட்டி இருந்தால் அதையும் எடுக்கலாம், ஒரே மயக்க மருந்தில். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பினால் புற்றா இல்லையா என்பதும் தெரியும். இம்ப்ளாண்ட் இதில் எதையும் செய்யாது.

நாலுகால்_நண்பர்

பாதி உடன்படுகிறேன். ஆனால் இன்று நாளைக்குள் ஆபரேஷன் என்றால் தடுப்பேன். சர்க்கரை எங்கே நிற்கிறது என்று தெரியாமல், சிறுநீர் நெருக்கத்தோடு மயக்க மருந்து கொடுப்பது நல்லதல்ல. மேலும் ஒரு பக்கம் எடுத்த பிறகு மறுபக்கம் பெருப்பது வழக்கமான கதை, ஏனென்றால் எல்.எச். தட்டுவது நிற்கவில்லையே. அதனால்தான் பல மருத்துவர்கள் இடதை எடுத்த பின்னும் டெஸ்லோரெலின் போடுகிறார்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டே இல்லாமல் போகும் ஆபத்து உண்டு, அது வேறு கதை.

டெஸ்லோரெலின் என்ன செய்கிறது? ஜி.என்.ஆர்.எச். போலவே நடித்து பிட்யூட்டரியை இடைவிடாமல் தட்டுகிறது. பிட்யூட்டரி சலித்துப்போய்க் காது கேளாததாகிவிடும், எல்.எச். விழும், அட்ரீனல் அடங்கும். "சலித்துப்போகும் முன்" ஒரு கட்டம் உண்டு என்பதைத்தான் பலர் சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் எல்.எச். ஏறலாம், அறிகுறி கூடலாம். உங்கள் பையனின் தாரை ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அந்த இரண்டு வாரம்தான் கண்டம். ஒவ்வொரு முறை சிறுநீர் போனதையும் குறித்து வையுங்கள். அலமாரிக்கு அடியில் போய்வந்தால் தெரியாது, வெள்ளைப் பேப்பர் டவல் விரித்த கூண்டில் வைத்திருங்கள்.

சிறுநீர் கலங்கியோ நாற்றமாகவோ இருந்தால் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். வீங்கிய புராஸ்டேட்டில் கிருமி சேர்ந்தால் ஹார்மோனை அடக்கினாலும் தாரை திறக்காது, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும்.

மெலடோனின் பற்றி: 5.4 மி.கி. இம்ப்ளாண்ட் நாலு மாதத்துக்கு ஒன்று போடுவார்கள். முடி அழகாக வளரும். பிரச்சினையே அதுதான்! உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருக்க, வெளியே பார்ப்பவர் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார். துணைக்கு இருக்கட்டும், தனியாக நம்பாதீர்கள். ஹால் விளக்கையும் மாற்றுங்கள். இரவு 12 மணி நேரமாவது முழு இருட்டு கிடைக்கும் அறைக்குக் கூண்டைக் கொண்டுபோங்கள். வந்துவிட்ட கட்டியை அது கரைக்காது, ஆனால் கூண்டுத் தோழனுக்கும் சேர்த்து நல்லது.

பிரிஸ்டல்_அண்ணாச்சி

நடுவில் ஒரு கேள்வி. எங்களிடம் இருப்பது பெண், இரண்டு வயது, கருத்தடை செய்யாதது. பெண்குறி வீங்கி மூன்று வாரமாகிறது, வாலில் முடியும் மெலிகிறது. இதுவும் அட்ரீனலா?

உட்ரெக்ட்_ஜன்னல்

அண்ணாச்சி, கருத்தடை செய்யாத இரண்டு வயதுப் பெண்ணுக்கு அட்ரீனலைத் தேடாதீர்கள், அது பருவத்துக்கு வந்திருக்கிறது. ஃபெரட்டில் இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் மாதக்கணக்கில் நீளும். ஈஸ்ட்ரோஜன் ஏறியே இருந்து எலும்பு மஜ்ஜையை அணைத்துவிடும், ரத்தம் ஊறுவது நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் விடுவது ஆபத்து. ஈறு வெளுத்திருக்கிறதா, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி உண்டா பாருங்கள். இருந்தால் இன்றே போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள். உங்கள் ஊரில் வாசெக்டமி செய்த ஆணோடு சேர்ப்பது, பருவத்தை நிறுத்தும் ஹார்மோன் ஊசி, டெஸ்லோரெலின் என்று வழிகள் உண்டு.

கருத்தடை செய்த பெண்ணுக்குக் குறி வீங்கினால்தான் குழப்பம்: அட்ரீனலா, விட்டுப்போன சினைப்பைத் துண்டா? அதற்கு எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி 100 யூனிட் போட்டுப் பார்ப்பார்கள். மூன்று நாலு நாளில் வீக்கம் வடிந்தால் சினைப்பைத் துண்டு, அசையாவிட்டால் அட்ரீனல்.

ஜெர்சி_வாசகி

ஆய்வகத்தில் சர்க்கரை மறுபடி பார்த்தார்கள், 94. அறுவை நிபுணருக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதால் வெள்ளிக்கிழமை இம்ப்ளாண்ட். அன்று என்ன கவனிக்க வேண்டும்? வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

கூண்டுக்கு_வெளியே

94 என்றால் நல்ல செய்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். தேதி ஐந்து வாரம் தள்ளி என்றால் இம்ப்ளாண்ட் போடுவதுதான் சரி. அதற்கிடையில் தாரை இன்னும் மெலிந்தால் லூப்ரோலைடு டெப்போ ஊசியைப் பற்றியும் கேளுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே 100 மைக்ரோகிராம், மேலே 200, மாதம் ஒன்று. வேலை செய்யும் விதம் டெஸ்லோரெலின் மாதிரியேதான், ஆனால் ஊசி மெலிசு.

வெள்ளிக்கிழமைக்கு: பட்டினி 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கையில் அவன் விரும்பும் சூப் எடுத்துப்போங்கள், விழித்ததும் கொடுக்க. இம்ப்ளாண்ட் சற்று நீண்ட அரிசி மணி அளவுதான், ஆனால் அதை உள்ளே தள்ளும் ஊசி தடிமன். அதனால் பலர் ஐந்து நிமிடம் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். இம்ப்ளாண்ட் உடையக் கூடாது. வைத்த இடத்தைத் தேய்க்கவோ அமுக்கிப் பார்க்கவோ வேண்டாம். ஊசித் துளையில் ஒரு சொட்டு தோல் பசை போடச் சொல்லுங்கள், நழுவி வெளியே விழுந்த சம்பவங்கள் உண்டு. ஒரு வாரம் ஹார்னஸ் போடாதீர்கள். அவன் தோளைச் சொறிகிறான் என்று எழுதியிருந்தீர்கள். நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள்.

சொறியும் வாடையும் பிடரிக் கடியும் முதலில் குறையும், இரண்டு மூன்று வாரத்தில். முடி நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும். வளரும் முன் வழுக்கைத் தோல் நீலமாகத் தெரியும். கன்றிப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள், உள்ளே முடி வேர் விடுகிறது. 4.7 மி.கி. பெரும்பாலும் ஒரு வருடம் தாங்கும், சிலருக்கு எட்டு மாதம், சிலருக்கு ஒன்றரை வருடம். காலண்டரை நம்பாமல் வால் நுனியையும் வாடையையும் நம்புங்கள். அவை திரும்பினால் அடுத்தது போடும் நேரம்.

ஐந்தாவது வாரம் நிபுணரிடம் போகும்போது தாரை திறந்து, முடி துளிர்விட்டிருக்கும். "இனி ஆபரேஷன் எதற்கு" என்று தோன்றும். இம்ப்ளாண்ட் சுரப்பை அடக்கும், ஆனால் கட்டியின் வளர்ச்சியை நிறுத்தும் என்று சொல்ல முடியாது. அன்றே அல்ட்ராசவுண்டில் அந்த 6.1-ஐ மறுபடி அளக்கச் சொல்லி, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.